இழுக்காத வெள்ளை வான்

கராசுக்கு வெள்ளை வானை ஓட்டி வந்த மூவருக்கும் புஸ்பம் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள், அதுவும் சிரித்துக்கொண்டு. நல்ல விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற கோப்பைகள் அவை. பார்த்துக்கொண்டு நின்ற அவள் புருசன் கனகசூரியத்துக்குக் குமட்டியது.

போன வருசம் அவளுடைய தம்பி இராசதுரையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனது இதே வெள்ளை வான்தான். அவன் இன்னும் திரும்பவில்லை. கூடப் பிறந்தவளுக்கே சூடு சொரணை இல்லை. கராச் வைத்த பாவத்துக்கு இந்த நாய்களின் வானைத் திருத்துகிற தலைவிதி கனகசூரியத்துக்கு.

“அண்ணன், திரும்பவும் வான் இழுக்குதில்ல” என்றான் கறுப்புக் கண்ணாடி போட்டவன். “நேத்து குருக்கள்மடத்தில ஒருத்தன் மோட்டர் சைக்கிள்ள எங்களுக்கு டிமிக்கி குடுத்திட்டுப் போயிட்டான். நீங்க ஒட்டின ஒட்டு இன்னொருக்கா விட்டுதெண்டா, மறுகா நீங்கதான் பின்னுக்கு ஏறணும்.”

மூவரும் கோப்பைகளோடு வாவிக்கரைப் பக்கம் மரமுந்திரிகை நிழலுக்குப் போனார்கள். புஸ்பம் வானுக்குப் பக்கத்திலேயே குந்தி நெல்லுச் சாக்குத் தைக்கத் தொடங்கினாள். வீட்டுக்குள் இருந்து தைத்தால் ஆகாதா? இவன்கள் வந்தால் மட்டும் சாக்கையும் தூக்கிக்கொண்டு கராசுக்கு வந்துவிடுவாள், வெட்கங்கெட்டவள்.

கனகசூரியம் பொனட்டைத் திறந்தான். எயார் பில்டர் சுத்தமாக இருந்தது. டர்போவின் விசிறியை விரலால் சுழற்றினான், ஆட்டமில்லாமல் சுற்றியது. அப்படியென்றால் டர்போ அமுக்கி அனுப்புகிற காற்று இன்ஜினுக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் கசிகிறது.

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, அந்தக் காற்றுப் போகிற றப்பர் குழாயில் சவர்க்காரத் தண்ணீரைப் பூசி, கையால் இன்ஜினை முறுக்கி வேகமாக ஓடவிட்டான். அவன் போன கிழமை போட்ட ஒட்டின் நட்ட நடுவில் குமிழ் குமிழாக நுரை கிளம்பியது.

துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். தேய்ந்து விட்டிருந்தால் கிழிசலாக இருக்கும். இதுவோ உருண்டையான சின்னத் துவாரம். யாரோ வேண்டுமென்றே செய்த வேலை, பழி விழப்போவது அவன் தலையில்.

இன்ஜினை நிறுத்திவிட்டு மனைவியிடம் வந்து பல்லைக் கடித்தான்.

“தம்பியத் திண்டவனுகளுக்குப் பூக்கோப்பையில தேத்தண்ணியோ? பாம்புக்குப் பால் வாக்கிறாய். ஆரோ என்ட ஒட்டில குத்தி வெச்சிருக்கான். அடுத்தமுறை என்னையும் ஏத்திக்கொண்டு போவானுகள். அதுக்கும் கோப்பையக் கழுவி வை!”

புஸ்பம் மரத்தடியில் இருந்தவர்களை ஒருதரம் பார்த்தாள். பிறகு சாக்கிலிருந்து ஊசியை மெல்ல உருவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

“பயப்பிடாதீங்க. இந்தமுறை ஒட்டில இல்ல, வேற இடத்தில குத்துறன்.”