கயிறு பிடிக்க ஆள்

கோட்டையூரில் ஒரு செட்டியார் வீட்டு ஓட்டின்மேல் சாய்ந்திருந்த புளியங்கிளையை அறுக்க மலையாண்டி அண்ணன் எங்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆச்சி எடுத்துப்போட்ட கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, முரட்டுத் தேங்காய்நார்க் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார். அதை மேல்கவட்டையில் போட்டு, மறுமுனையைக் கீழே ஒருவன் பிடிக்கவேண்டும். நான் முன்னால் போனேன்.

“நீ வேணாம். வலையபட்டி மாயக்கண்ணன் பிடிக்கட்டும்.”

“நெல்லு மூட்டையை ஒத்தையில தூக்குறவன்ணே நான்! அவன் காத்தடிச்சாப் பறந்துருவான். உசுரு மேல ஆசையில்லையா?”

“ஆசை இருக்கப் போயித்தான் அவனைச் சொல்றேன்.”

பாதி அறுக்கும்போதே அவருக்குக் கால் வழுக்கியது. கிளை முறிந்த சத்தத்தில் நாங்களெல்லாம் ஓடிவிட்டோம். திரும்பிப் பார்த்தால், மாயக்கண்ணன் தரையை விட்டு முழ உயரம் எழும்பித் தொங்குகிறான். உள்ளங்கை உரிந்தும் கயிற்றை விடவில்லை. மலையாண்டி அண்ணன் மெதுவாக வந்து இறங்கினார்.

“எப்படிண்ணே இவனைக் கண்டுபிடிச்சீக?”

“வர்ற வெள்ளிக்கிழமை இவனுக்கும் எம் மகளுக்கும் கல்யாணம். நான் செத்தா, ஒரு வருசத்துக்கு வீட்டுல நல்ல காரியம் கிடையாது. விடுவானா மாப்பிள்ளை?”