தோள் அளவு

ரூபீனா கல்யாணத்துக்கு மறுத்துவிட்ட ஆத்திரத்தில் காஷிஃப் இணையத்தில் பரப்பிய ஆபாசப் படத்தில், முகம் மட்டுமே அவளுடையது. அபிராமபுரத்தில் தையற்கடை வைத்திருப்பவள் அவள். கோர்ட்டில் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "அந்தத் தோள் பதினாலரை இஞ்சுங்க. எனக்குப் பதிமூணுதான்."

அந்த உடம்புக்குச் சொந்தக்காரி என்று உலகத்தில் யாருமில்லை, கம்ப்யூட்டர் உண்டாக்கியது என்று சைபர் க்ரைம் நிபுணரும் சாட்சி சொன்னார். காஷிஃபுக்கு மூன்றாண்டு சிறை, அபராதம் வேறு.

மறுநாள் தெருவுக்கே கேட்கும்படி ரூபீனா ஷட்டரைத் தூக்கினாள். எதிரே பூ விற்கும் தேவானை, "சாதிச்சுட்டடீ!" என்று கூவி டீ வாங்கிக் கொடுத்தாள்.

முதலில் வந்தவள் புது முகம். பிளவுஸுக்கு அளவெடுக்க வேண்டுமாம். டேப் பதினாலரை காட்டியது. இடது தோளுக்குக் கீழே பிறை போல ஒரு தீத்தழும்பு. வழக்குக்காக ரூபீனா படத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த அதே தழும்பு.

"கை நீளமா வெக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள் ரூபீனா.

"இத்தினி நாளா மறைச்சிக்கினுதான்க்கா இருந்தேன்," என்று வந்தவள் சிரித்தாள். "குட்டையாவே தை. நாமதான் ஜெயிச்சுட்டமே."