மூன்று முறை முளைத்த கால்

அன்று மூன்றாம் வகுப்பில் எல்லோரும் 'என் அப்பா' படம் வரைந்தார்கள். பிள்ளைகள் தப்பாக வரைந்தால் அரசு அனுப்பிய பள்ளித் தாள் அதைத் தானாகவே திருத்திவிடும். பேச்சிக்கனி அப்பாவுக்கு ஒரு காலும் ஊன்றுகோலும் போட்டாள். தாள் ஊன்றுகோலை அழித்து இன்னொரு கால் போட்டது. மூன்று முறை அழித்தாள். மூன்று முறையும் கால் முளைத்தது.

"எங்கப்பாவுக்கு ஒத்தக் காலுதான் டீச்சர்."

தாளைச் சேதப்படுத்தக் கூடாது என்பது விதி. செலின் டீச்சர் விதிப் புத்தகத்தை இரண்டு தரம் புரட்டினார். செய்வது சரிதானா என்று தெரியாமலே கத்தரிக்கோலை நீட்டினார்.

பேச்சிக்கனி அந்தக் காலை நறுக்கிவிட்டு, அங்கே ஓர் ஐஸ் குச்சியை ஒட்டினாள்.

பார்வையிட வந்த அதிகாரி முகம் சுளித்தார். "என்ன பாப்பா, காலக் காணோம்?"

நறுக்கிய காலை அவர் கையில் வைத்தாள். "இது ஒங்க தாளு போட்டது சார். நீங்களே வச்சுக்கோங்க."