காரணம் என்ற கட்டம்

“மறுபடியும் பாதியில ஆஃப் பண்ணிட்டீங்களா அக்கா?”

தோளிலிருந்து பையை இறக்கும் முன்பே கேட்டுவிட்டான், கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த சிஸ்டம்காரன். இதே கோளாறுக்காக இந்தப் பார்சல் ஆபீசுக்கு அவனுக்கு இது ஐந்தாவது நடை. அதே மேஜை, அதே எட்டு வருஷத்துக் கம்ப்யூட்டர், திரையில் அதே வாசகம்: ‘அப்டேட் நடக்கிறது, 35 சதவீதம். கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்.’

“நான் தொடவே இல்ல தம்பி. காலையிலேர்ந்து அப்படியேதான் நிக்குது” என்றாள் பதிவு அக்கா. வந்து போகும் பார்சல் அத்தனையையும் அதில் பதிகிறவள் அவள்தான்.

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.”

காலையிலிருந்து மூன்று இடம் ஏறி இறங்கியாயிற்று. இன்னும் நாலு இடம் பாக்கி. யாரையும் நம்பவோ யாரோடும் வாதாடவோ அவனுக்குத் தெம்பில்லை.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

“இன்னிக்கு எனக்கு எழுத்துல வேணும்ப்பா. உன் வேலை சரியில்லையா, இல்ல இவங்க தப்பா? உன் தப்புன்னா உங்க கம்பெனிக்குப் புகார் போகும். இவங்க தப்புன்னா வாசல் கவுண்டருக்கு மாத்திடறேன். நாள் பூரா நின்னு பார்சல் வாங்கட்டும். எதுவா இருந்தாலும் நூறு சதவீதம் வந்ததைக் காட்டிட்டுத்தான் நீ கிளம்பணும்.”

அவர் தலை உள்ளே போனது.

அக்கா மெல்லக் கேட்டாள். “உங்க பேர்ல புகார் போனா என்ன பண்ணுவாங்க தம்பி?”

“ஏற்கெனவே ரெண்டு இருக்கு. மூணாவது வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்டுல கைக்குழந்தை.”

சொல்லிக்கொண்டே சர்வீஸ் படிவத்தை எடுத்தான். ‘காரணம்’ என்ற கட்டத்தில், ‘பயன்படுத்துபவர் அப்டேட்டைப் பாதியில் அணைத்தது’ என்று எழுதினான்.  

“கையெழுத்துப் போடுங்க அக்கா.”

அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகப் படித்தாள். “தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன தடவையே சொல்ல வந்தேன்...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. போடுங்க, நேரமாச்சு.”

அவள் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அவன் படிவத்தைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தான்.

வழக்கமான வைத்தியம்தான். அப்டேட்டை நிறுத்தி, அரைகுறையாக இறங்கிக் கிடந்த கோப்புகளை அழித்து, மறுபடி ஓடவிட்டான். மற்ற நாளாக இருந்தால் அத்தோடு பையைத் தூக்கியிருப்பான். இன்று உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. விறுவிறுவென்று ஏறிய எண், முப்பத்தைந்தில் வந்து சண்டி மாடு மாதிரி படுத்துவிட்டது.

அவனே அதைப் பாதியில் அணைத்துத் திரும்பக் கிளப்பினான். வேறு வழியில்லாமல் முதல் முறையாக டிஸ்க்கைத் திறந்து பார்த்தான். உள்ளே மூச்சு விட இடமில்லை. முக்கால்வாசியை ஒரே ஃபோல்டர் அடைத்துக்கொண்டிருந்தது. பெயர் ‘தற்காலிகம்’.

அதைத் திறந்தான். மேனேஜர் கம்ப்யூட்டரில் இருந்த மொத்தமும் அதில் கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு டிஸ்க் மாற்றியபோது, கைவசம் வேறு இடமில்லாமல் இங்கே கொட்டி வைத்தவன் அவன்தான். வேலை முடிந்ததும் அழிக்க மறந்துபோனான்.

திரும்பிப் பார்த்தான். அக்கா ஒரு பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் காட்டாமல் ஃபோல்டரை அழித்து, அப்டேட்டை மறுபடி ஓடவிட்டான்.

முப்பத்தாறு. முப்பத்தேழு. ஒரு மணி நேரத்தில் நூறு.

தப்பித்தோம் என்றிருந்தது. அந்த நிம்மதி அவனுக்கே பிடிக்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் பார்த்துவிட்டு, அக்காவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

“முடிஞ்சுதுக்கா. இனிமே நிக்காது.”

“அப்படின்னா இது இனி வேண்டாம்தானே?”

மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அடியிலிருந்து, மடித்து வைத்திருந்த பழுப்பேறிய துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். அவன் கையெழுத்து. ‘தற்காலிகம் என்ற ஃபோல்டரைத் தொட வேண்டாம். இரண்டு நாளில் வந்து எடுத்துவிடுகிறேன்.’ கீழே தேதியும் அவன் பெயரும்.

“மேஜைக்கு அடியில, சிபியு மேல ஒட்டிட்டுப் போனீங்க. போன மாசம் நீங்க லீவுல இருந்தப்ப வேறொருத்தர் வந்தாரு. அந்த ஃபோல்டராலதான் நிக்குது, அழிச்சுடட்டுமான்னு கேட்டாரு. நீங்க தொடாதீங்கன்னு எழுதியிருக்கும்போது எப்படி? வேண்டாம்னுட்டேன். மேனேஜர் கண்ணுல பட்டா உங்களுக்குத்தான் வம்புன்னு பிய்ச்செடுத்து இந்தக் கூட்டுல வெச்சுக்கிட்டேன்.”

அவன் சீட்டை வாங்கிக்கொண்டான். “கையெழுத்துப் போடறப்ப இது உங்ககிட்டதானே இருந்துச்சு?”

“இருந்துச்சு. எனக்கு நின்னு பார்க்கிற வேலைன்னாலும், வேலைன்னு ஒண்ணு இருக்கும். உங்களுக்கு அதுவும் இல்லாம போயிடுமே தம்பி.”

அவள் அடுத்த பெட்டியை இழுத்து லேபிள் ஒட்ட ஆரம்பித்தாள்.

அவன் தோளில் மாட்டிய பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். சீட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக் கதவைத் தட்டினான்.

“அந்தப் படிவத்தைக் கொஞ்சம் குடுங்க சார். காரணத்துல ஆளை மாத்தி எழுதிட்டேன்.”