ஜோடிச் சீப்பு

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் மாரப்பன், பழைய சீப்பு ஒன்றை மேசையில் வைத்துவிட்டு உட்காராமலே நின்றார்.

"இது தந்தமா, பிளாஸ்டிக்கான்னு உடனே சொல்லோணுங்க."

பழம்பொருள் வியாபாரி தண்டாயுதபாணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சிச் சீப்பின் ஓரத்தில் வைத்தார்.

"உருகுதுங்களா?" மாரப்பன் மூன்றாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க. பிளாஸ்டிக்குன்னா இந்நேரம் குழி விழுந்திருக்கும்."

"மாட்டெலும்பா இருக்குமுங்களா?"

தண்டாயுதபாணி லென்ஸை எடுத்தார். "எலும்புன்னா கருப்பாப் புள்ளி தெரியும். இதுல மெல்லிசா ரேகை பின்னிக் கெடக்குது. அசல் யானைத் தந்தமுங்க. ஆனா இப்பெல்லாம் இதைக் கைமாத்துனாலே கேசு. ஊட்டுலயே பத்திரமா வெச்சுக்கங்க."

மாரப்பன் சீப்பை அவர் பக்கமே தள்ளினார்.

"பிளாஸ்டிக்குன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"ஏனுங்க, போலியை அசல்னு எழுதச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க. நீங்க என்ன தலைகீழாக் கேக்கறீங்க?"

மாரப்பன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"இதோட ஜோடியை ஜெர்மனிக்காரருக்குப் பரிசாக் குடுத்தனுங்க. நமக்கு ஆர்டர் குடுக்கறவரு. மெட்ராஸ் ஏர்போர்ட்டுல அவரைப் புடிச்சு வெச்சிருக்காங்க."

"பெட்டிக்குள்ள கெடந்த சீப்பைத் தந்தம்னு எப்படிங்க கண்டுபுடிச்சாங்க?"

மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிளாஸ்டிக்குன்னுதான் நெனச்சனுங்க. கலப்பு நூல் பனியனுக்கு 'நூறு சதம் காட்டன்'னு வெக்கற பழக்கத்துல, சீப்பு உறையிலயும் ஒரு லேபிள் தெச்சுட்டனுங்க. 'நூறு சதம் தந்தம்'னு."