கவச வண்டிக்கு ஒரு ஓட்டு

"அந்தப் பொம்பளைய இன்னிக்கு நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்காம வீடு திரும்ப மாட்டேன்!" சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உறுமினார் ஆர்வில்.

"தாராளமா கேளுங்க. கத்தி மட்டும் தொலைக்காதீங்க. அப்புறம் உங்க பிரஷர் மாத்திரையைத் தேடி நான்தான் அலையணும்" என்றாள் அவர் மனைவி நாடீன், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு.

கோபம் வராதா பின்னே? போன மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு அவர்களுடைய டிரெய்லர் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. படகு வெள்ளத்தின் இழுப்புக்கு ஈடுகொடுக்கவில்லை. தீயணைப்பு வண்டி பாதி வழியில் மூச்சை விட்டது. வீட்டு வாசல் வரை வந்து நின்றது போலீஸ்காரர்களின் கவச வண்டி ஒன்றுதான். பட்டாளம் கழித்துக் கொடுத்த, மார்பளவு சக்கரம் வைத்த பூதம். நாடீனை சிலிண்டரோடு அள்ளிப் போட்டுக்கொண்டு போய்க் காப்பாற்றியது அதுதான்.

இதோ, அடுத்த மழைக்காலம் வரப்போகிறது. அந்த வண்டி ஊரில் இருக்குமா இருக்காதா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

பட்டாளத்துச் சாமானைப் போலீஸ் வைத்துக்கொள்ள, நகர கவுன்சில் வருஷா வருஷம் ஓட்டுப் போட்டு அனுமதிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அதுதான் சட்டம். கவுன்சிலர் டெல்ஃபினா சால்செடோவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது என்று ஊரெல்லாம் பேச்சு.

கூட்டத்தில் ஆர்வில் போய் உட்கார்ந்தபோது, போலீஸ் தலைவர் கிம்பலை டெல்ஃபினா குடைந்துகொண்டிருந்தார்.

"வண்டி எதுக்கெல்லாம் வெளிய போச்சு? யாரு உத்தரவு போட்டது? கிளம்பறதுக்கு முன்னாடி விலாசத்தைச் சரிபார்த்தது யாரு? அந்த வீட்ல குழந்தைங்க இருக்காங்களான்னு விசாரிச்சீங்களா?"

பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி கிம்பல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆர்விலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். ஆர்வில் மைக்கைப் பிடித்தார்.

"மேடம், என் பெண்டாட்டி இன்னிக்கு உயிரோட இருக்கான்னா அது அந்த வண்டியால. வெள்ளம் வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? மேட்டுத் தெருவுல காபி குடிச்சிட்டு இருந்திருப்பீங்க! உயிரைக் காப்பாத்தின மனுஷனைக் கூண்டுல நிறுத்தி இப்படிக் கேள்வியா கேக்கறீங்களே, நன்றின்னு ஒண்ணு வேண்டாமா?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

டெல்ஃபினா தலையைக் குனிந்துகொண்டார். பொதுமக்கள் பேச்சுக்குக் கவுன்சிலர்கள் பதில் சொல்லக்கூடாது என்பது அந்த மன்றத்து வழக்கம். ஆர்விலுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

"பாத்தீங்களா, வாயத் திறக்க முடியல!" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஓட்டெடுப்பு நடந்தது. டெல்ஃபினாவின் முறை வந்ததும் ஆர்வில் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"வண்டி இருக்கட்டும்" என்றார் டெல்ஃபினா.

அப்பாடா!

கூட்டம் கலைந்ததும் வராந்தாவில் கிம்பலைப் பிடித்துக்கொண்டார் ஆர்வில். "எப்படி சீஃப்? நான் போட்ட போடுல அந்தம்மா கப்சிப்னு ஓட்டுப் போட்டுட்டாங்கல்ல?"

கிம்பல் சிரிக்கவில்லை.

"நீங்க இந்த ஊருக்குக் குடிவர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வண்டியைத் திருப்பி அனுப்பப் பாத்தாங்க. ரெண்டு பேர் வேணும்னாங்க, ரெண்டு பேர் வேண்டாம்னாங்க. வண்டி ஊர்ல தங்கினது அந்தம்மா போட்ட அஞ்சாவது ஓட்டுலதான்."

"என்னது?"

"சும்மா போடலை. தீயணைப்புக்காரங்களையும் கூட்டிக்கிட்டு, வருஷா வருஷம் வண்டியை ஆத்துல இறக்கிப் பழகணும்னு ஒரு நிபந்தனை. நாங்க அவங்களைத் திட்டாத திட்டு இல்ல. குளிர்ல நனைஞ்சுக்கிட்டே திட்டினோம். அப்படிப் பழகியிருக்கலைன்னா, அன்னிக்கு உங்க வாசலுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டோம். நாங்களும் சேர்ந்து முழுகியிருப்போம்."

அப்படியானால் நாடீன் விடுகிற ஒவ்வொரு மூச்சும் அந்தம்மா போட்ட பிச்சையல்லவா? எத்தனை பேர் முன்னால் என்னென்ன பேசிவிட்டோம்! கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு. இப்போதே போய்க் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். டெல்ஃபினா மெதுவாகக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அது சரி சீஃப், வண்டியைத் திருப்பி அனுப்பற அளவுக்கு அப்படி என்னதான் ஆச்சு?"

கிம்பல் குரலைத் தாழ்த்தினார்.

"வடக்கு ஆல்டர் தெருவுக்குப் போக வேண்டியவங்க, அதே நம்பரைப் பாத்துட்டு தெற்கு ஆல்டர் தெருவுல நுழைஞ்சுட்டோம். வண்டியால கதவை இடிச்சுத் தள்ளிட்டு உள்ள போனா, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிட்டிருந்த பிள்ளைங்களும் அவங்க அம்மாவும். துப்பாக்கியைக் காட்டி எல்லாரையும் தரையில படுக்க வச்சுட்டோம்."

"அடப்பாவிகளா! அந்த வீட்டுக்காரங்க உங்களைச் சும்மாவா விட்டாங்க?"

"எங்க விட்டாங்க? அடுத்த தேர்தல்லயே நின்னு ஜெயிச்சு, வருஷா வருஷம் அதோ அந்த நாற்காலியில உக்காந்து என்னைக் கேள்வி கேக்கறாங்களே!"