கரைக்க அனுமதி இல்லை

முகத்துவாரத்தின் இரும்பு வாசலில், பரிசோதகி தேன்மொழி, பவுனம்மாவிடமிருந்து அவள் கணவரின் அஸ்திக் கலயத்தை வாங்கிக் கருவியின் முனையைச் சாம்பலுக்குள் நுழைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஈயமும் காட்மியமும் ஏகத்துக்கு இருக்கும்மா. கரைக்க முடியாது."

பவுனம்மாவுக்குப் புரியவில்லை. "இந்தச் சேத்துல நாப்பது வருஷம் கையைவிட்டு இறால் தடவுன மனுசன் கண்ணு. எல்லாம் இங்கேருந்து ஏறுனதுதானே?"

"நிஜந்தான். ஆனா போன வருஷம் சேத்தை மொத்தமா அள்ளிட்டாங்க. ஆறு இப்போ சுத்தம்."

"அப்பவே எங்கப்பாவையும் சேத்து அள்ளிட்டுப் போயிருக்கலாமே!" என்று வெடித்தான் மகன் மாசிலாமணி.

தேன்மொழி கலயத்தை நீல டப்பாவுக்குள் இறக்கி, மூடி, முத்திரை வைத்தாள். அள்ளிய சேற்றைக் கொட்டியிருக்கும் அதே கிடங்குக்குத்தான் டப்பாவும் போகும். மூடியில் 4117 என்று எழுதினாள்.

அவர் பிடித்துவந்த இறாலைத்தான் பவுனம்மாவும் நாற்பது வருஷம் ஆக்கித் தின்றிருந்தாள். யாரும் தடுப்பதற்குள் தன் விரலைக் கருவியின் முனையில் வைத்தாள். மறுபடி சிவப்பு.

"பக்கத்து நம்பரை எனக்கு எடுத்து வை கண்ணு. அவரு பக்கத்துலயே இருந்துக்கறேன்."

"வர்ற வரிசைப்படிதாம்மா நம்பர். எடுத்து வைக்க எனக்கு அதிகாரமில்லை."

பவுனம்மா மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் நின்றவர் தன் கலயத்தை மேசைமேல் வைத்துவிட்டார்.